வில்லங்கத்தோடு ஒரு ஹெரால்டு

எங்கள் ஊரில் ரைட்டர் என்றால் பத்திரம் எழுதுகிறவர். கதையோ கட்டுரையோ எழுதுகிறவனுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. செஞ்சியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த தபால்காரர் ஒரு நாள் கடை வாசலில் நின்று, "ரைட்டர் யாருங்க?" என்று கேட்டபோது, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப்போய், என் கடைத் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்த அம்மாவிடம் தபாலை நீட்டினார்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஊர் அவரை ரைட்டரம்மா என்றது. நான் அக்கா என்றேன். அவர் என்னை எம்.ஏ. என்றார். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்துவிட்டு அடுத்தவர் காகிதத்தை வெளிச்சத்தில் காட்டிக் காசு வாங்குகிறவனை அதைவிடச் சுருக்கமாக யாரும் கேலி செய்ததில்லை.

நிலமோ வீடோ வாங்குகிறவர்கள் அதன்மேல் கடன் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பங்காளி யாராவது பாத்தியம் கேட்பானா என்று பார்ப்பார்கள். வில்லங்கம் பார்ப்பது என்று அதற்குப் பெயர். மற்ற ரைட்டர்கள் அதை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ரைட்டரம்மாவால் அப்படி முடியாது. உலகத்தில் எல்லாப் பொருளும் ஏதோ ஒரு வில்லங்கத்தோடுதான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் யார் சட்டையையும் பிடிக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

"டீ சூப்பரா இருக்குதுக்கா."

"சரி, வில்லங்கம் இன்னா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாத டீய நம்மூர்ல எவன் போடறான்? ஒயுங்கா சொல்லு."

"கிளாஸ் கொஞ்சம் நாறுது."

"ஆங். அப்டி சொல்லு." அதன் பிறகு அந்த நாறுகிற கிளாஸிலேயே நிம்மதியாகக் குடிப்பார். நாற்றத்தை அவர் எதிர்த்ததே இல்லை. சொல்லாமல் விடுவதைத்தான் எதிர்த்தார்.

என் கட்டுரை ஒன்று வெளிவந்தபோது பெருமையோடு அவர் மேசையில் வைத்தேன். பத்திரத்தைப் படிப்பதுபோல விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்குது. வில்லங்கம் இன்னான்னா, மூணாவது பக்கத்துல முடிஞ்சிப்போச்சி. நீ அஞ்சு பக்கம் எழுதிக்கிற." பத்திரிகை ஆசிரியரும் பிற்பாடு அதையே சொன்னார், கொஞ்சம் நாகரிகமாக.

சிங்கவரத்திலிருந்து ஒருவர் நிலம் விற்க வந்தார். கிணற்றில் பாதி பக்கத்து நிலத்துக்காரருக்குப் பாத்தியம். அதை விட்டுவிட்டு எழுதச் சொன்னார்.

"வாங்கறவன் மெட்ராஸ்காரன்மா. கெணத்த எட்டிக்கூட பாக்க மாட்டான்."

"அவன் பாக்க மாட்டான். மோட்டார் போட்ட அன்னிக்கி பக்கத்து காட்டுக்காரன் பாப்பானே."

"அது அவங்க பாடு."

"எழுதறது நானு. அப்போ எம்பாடுதான்."

அவர் எழுந்து அடுத்த மேசைக்குப் போனார். ரைட்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, அன்று மாலைவரை வேறு ஆள் வராமலே உட்கார்ந்திருந்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார்.

இந்தக் குணம் தொழிலால் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மாதான் தெளிய வைத்தார். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற அந்தக் கிழவிக்கு மகளைப் பற்றிப் புகார் சொல்வதில் அலுப்பே வராது. "வயசுக்கு வந்த நாள்லேர்ந்து இப்டித்தான். பொண்ணு பாக்க வந்தாங்க. காபி குடுத்துட்டு உள்ள வாடின்னா, அங்கயே நின்னுக்குனு, 'எனக்கு சமைக்க வராது, கோவம் வரும், ஒரு காதுல சீழு வடியும்'னு சொல்றா. காது செரியாயி ஒரு வருசம் ஆவுது! அத ஏண்டி சொன்னன்னு கேட்டா, திரும்ப வந்தா இன்னா பண்றதுன்றா. சீழு திரும்ப வரல. அவங்கதான் திரும்ப வரல." ரைட்டரம்மா மறுக்கவில்லை. "ரெண்டாவது வந்தவங்கள வுட்டுட்டியே," என்று எடுத்துக் கொடுத்தார். ஆக, தாயும் மகளுமாகவே இருந்தார்கள். கூட ஒரு காரும் இருந்தது.

ஹெரால்டு. சாம்பல் நிறம், இரண்டே கதவு. பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பக்கம் முழுதாகக் கவிழ்ந்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். அவர் நைனா என்று கூப்பிடுகிற அப்பா, நெல் வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில் திண்டிவனத்து டாக்டர் ஒருவரிடம் வாங்கியது. வாங்கின வருஷமே, மண்டகப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் வண்டியை வலப்பக்கம் ஒடித்தபோது இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பெரியம்மா வெளியே விழுந்தார். இடுப்பு முறிந்து, அன்றிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார்.

எந்த மெக்கானிக்காலும் அந்தக் கதவைச் சரிசெய்ய முடியவில்லை. வண்டியின் சட்டமே கொஞ்சம் கோணல், கதவை மாற்றினாலும் அப்படித்தான் என்றார்கள். கடைசியில் நைனா குளியலறைக் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி உள்பக்கம் அடித்துவிட்டார். அந்தக் காரில் ஏறுகிற யாரும் உட்கார்ந்ததும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். நான் முதல்முறை போட்டபோது, வெளியிலிருந்து யாராவது தட்டினால் "ஆள் இருக்கு" என்று சொல்ல வேண்டுமோ என்று தோன்றியது.

"அந்த டாக்டரு மறைச்சி வித்துட்டான் எம்.ஏ.," என்பார் ரைட்டரம்மா. எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "ஒரு வார்த்த. கதவு தொறக்கும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எங்கம்மா இடுப்பு போயிருக்காது. அவன் வாய்க்கு அது கேடா?" டாக்டர் எப்போதோ காலமாகிவிட்டார். இறந்தவர்களுக்குக் காட்டுகிற சலுகை ரைட்டரம்மாவிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நைனாவுக்குப் பிறகு வண்டி பெரியம்மா பெயருக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைட்டரம்மா அதை எடுத்துக் கோட்டைவரை ஓட்டிப்போய், சுற்றுலா பஸ்களுக்கு நடுவில் ஒரே மூச்சில் வட்டமடித்துத் திரும்பி வருவார். அவ்வளவுதான் வண்டிக்கு வேலை. பிறகு பெரியம்மாவால் படி இறங்க முடியாமல் போனது. வீட்டுக் குளியலறை பின்னால், படிக்குக் கீழே. தெரு மட்டத்தில் ஓர் அறையும் ஒட்டிய குளியலறையும் கட்டினால்தான் அந்த அம்மாள் கொஞ்ச நாளாவது யார் தோளையும் பிடிக்காமல் போய்வர முடியும். கட்டுவதற்கு இடம் ஒன்றுதான் இருந்தது. அதில் ஹெரால்டு நின்றிருந்தது. கட்டுவதற்குக் கையிருப்பும் ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஹெரால்டுதான்.

"வித்துடலாம்," என்றார் ரைட்டரம்மா. "ஐப்பசி மழைக்குள்ள ரூமு நிக்கணும். ஆனா ஒரு வில்லங்கமும் மறைக்காம விக்கணும்."

பிந்தைய வாக்கியத்தின் பாரம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு ஒருவர் ஆட்டோ கன்சல்டிங் நடத்திவந்தார். கன்சல்டிங் என்றால் ஆலோசனை என்று அகராதி சொல்லும். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் வண்டியைத் தன் கொட்டகையில் நிறுத்தி வைத்து, ஆள் பிடித்து விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வது என்று பொருள். மனிதர் கெட்டவர் அல்ல. பொய்யைத் துணிக்குப் போடுகிற கஞ்சி மாதிரி அளவாகப் பயன்படுத்துகிறவர், அவ்வளவுதான். வண்டியைப் பார்த்ததும் கண் விரிந்தது. "இதுக்குன்னே கலெக்ஷன் பார்ட்டிங்க இருக்காங்கமா. போட்டோ போட்டா பறந்துகினு வருவாங்க."

பறந்துகொண்டுதான் வந்தார்கள். முதலில் வந்தவர் கல்யாண போட்டோ எடுப்பதற்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். கன்சல்டிங்காரர், "லேடீஸ் ஓட்ன வண்டி சார். மழைய பாத்ததில்ல," என்று தொடங்கினார்.

"போன வருசம் மழையில முழங்கால் தண்ணியில நின்னுச்சி," என்றார் ரைட்டரம்மா. அதற்காகவே மேசையை மூடிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

"என்ஜின் புலி மாதிரி சார்."

"ஏத்தத்துல இருமும். செகண்ட் கியரு அப்பப்ப தானா கழண்டுக்கும். இந்த கதவு தானா தொறக்கும், எங்கம்மா இதுலேர்ந்துதான் வுழுந்தாங்க. தாப்பா போட்டுக்கணும்."

வந்தவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னா இன்னா அர்த்தம் தெரியுமாமா?" என்றார் கன்சல்டிங்காரர். "இனிமே என் நம்பர பாத்தா கட் பண்ணுவான்னு அர்த்தம்."

அடுத்து வந்த ஓட்டல்காரர் வண்டியை ஓட்டப்போவதே இல்லை, வாசலில் அழகுக்கு நிறுத்தப்போகிறேன் என்றார். கன்சல்டிங்காரர் கைகூப்பிக் கண்ணை மூடினார். நின்ற இடத்தில் எந்தக் கதவு யாரை என்ன செய்துவிடும்? ரைட்டரம்மா விடவில்லை. "கொழந்தைங்க ஏறி வெளையாடும். தாப்பா போட்டு வைங்க. எங்கம்மா..." ஓட்டல்காரருக்கு அபசகுனமாகப் பட்டுவிட்டது. போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்டுப் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வந்தவனுங்கள எல்லாம் வெரட்டறதே இவளுக்கு வேலையாப் போச்சி. அன்னிக்கி காதுல சீழு, இன்னிக்கி கதவுல தாப்பா."

மழை மேகம் மலைக்கு மேல் தலைகாட்டத் தொடங்கியது. மேஸ்திரி வேறு வேலை ஒப்புக்கொள்ளட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். பெரியம்மா படியில் ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்துவிட்டார். கன்சல்டிங்காரர் கடைக்கே வந்தார்.

"கடைசியா ஒரு பார்ட்டிமா. பாண்டிச்சேரி. பழைய வண்டின்னா உசிரு அவருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம வராரு. பெரியம்மா பேர்லதான் ஆர்.சி. இருக்குது, கையெழுத்துக்கு அவங்க மட்டும் வந்தா போதும். நீங்க வராதீங்க."

"ஏன்?"

"உங்களுக்கு டென்ஷன் எதுக்குமா?"

"எனக்கு டென்ஷன் இல்லியே."

"எனக்கு இருக்குதும்மா!" என்று அழாக்குறையாகச் சொன்னார். "இந்த தடவையும் போவலன்னா வண்டிய எடுத்துக்குங்க. மழைக்கு நாலு வண்டி உள்ள ஏத்தணும், எடம் இல்ல."

"அக்கா," என்றேன் நான், என் படிப்பையெல்லாம் திரட்டி, "எல்லாத்தையும் நாமே சொல்லணும்னு இல்ல. கேட்டா சொல்லலாம்."

"எங்க நைனா கேக்கல எம்.ஏ. கேக்கணும்னு அவருக்குத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோவில் மூவரும் போனோம். பெரியம்மா நடுவில், நாங்கள் ஆளுக்கொரு பக்கம். பாண்டிச்சேரிக்காரர் மனைவியோடு முன்பே வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அமைதியான மனிதர். பானெட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டிப் பார்க்கலாமா என்று சாவியை வாங்கினார். அவர் மனைவி இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறப்போனார்.

ரைட்டரம்மா எட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, புது சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தது.

"தாப்பா எங்க?"

"ஒரிஜினல் லுக்கு வேணும்னு எடுத்துட்டன்மா," என்றார் கன்சல்டிங்காரர் மெதுவாக. "பாக்க பாத்ரூம் மாதிரி இருந்திச்சி."

ரைட்டரம்மா அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏறாதீங்கமா. நில்லுங்க." பிறகு தானே அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்காரரிடம் சொன்னார்: "நீங்க ஓட்டுங்க சார். வாசலாண்ட சோத்துக்கை பக்கமா ஒடிங்க."

அவர் புரியாமல் ஓட்டினார். கொட்டகை வாசலில் வலப்பக்கம் ஒடித்தார். கதவு ஒரு பெருமூச்சு விட்டு, யாரோ மரியாதையாகத் திறந்துவிட்டதுபோல முழுக்கத் திறந்துகொண்டது. ரைட்டரம்மா பாதி உடம்பு வெளியே தொங்க, "பாத்துக்கினீங்களா?" என்றார்.

பாண்டிச்சேரிக்காரர் இறங்கி நேரே கன்சல்டிங்காரரிடம் போனார். "போன்ல ஒரு குறையும் இல்லன்னீங்களே?" கன்சல்டிங்காரர் டயரைப் பார்த்தார். அந்த அம்மாள், "வாங்க, போலாம்," என்று கணவரை அழைத்தார். போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ரைட்டரம்மா வழியை மறித்து நின்றார்.

"போறதுன்னா போங்க சார். ஆனா முழுசா கேட்டுட்டுப் போங்க." இருமல், கியர், முழங்கால் தண்ணீர், கோணல் சட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். "இதுக்குமேல இதுல ஒண்ணும் இல்ல. இதுக்குமேல ஏதாவது இருந்தா வண்டிய என் வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. எழுதியே தரேன்."

பாண்டிச்சேரிக்காரர் திரும்பி வண்டியைப் பார்த்தார். "நான் வாங்குன வண்டி அத்தனையிலும் வில்லங்கம் வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்," என்றார். "எழுதுங்க, எடுத்துக்கறேன்." மனைவி முறைத்தார். பாண்டிச்சேரிக்காரரும் மனிதர்தானே, விலையைக் குறைத்தும் கேட்டார். ரைட்டரம்மா ஒரு கணம் யோசித்து, "டைல்ஸ் வேணாம், சிமெண்ட் தரையே போதும்," என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்.

பத்திரக் காகிதம் அவர் பையில் எப்போதும் இருக்கும். பானெட்டின் மேல் வைத்து, நின்றபடியே எழுதினார். வண்டி பெரியம்மாவுடையது என்பதால் பெரியம்மா சொல்வதாகவே எழுத வேண்டும். முடித்ததும் வழக்கப்படி உரக்கப் படித்தார்.

"மேற்படி வாகனத்தின் இடதுபுறக் கதவானது, வாகனத்தை வலதுபுறம் திருப்புங்கால் தானாகத் திறந்துகொள்ளும். மேற்படி குறையை முன் உரிமையாளர் மறைத்து என் கணவருக்கு விற்றதில், நான் கீழே விழுந்து இடுப்பு முறிந்த விவரமும் இதனால் தெரிவிக்கப்படுகிறது. இவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்."

"இந்தாம்மா, போடு," என்று பேனாவை நீட்டினார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா பேனாவை வாங்கவில்லை.

"அத மாத்தி எழுது."

"எத?"

"மறைச்சாங்கன்னு எழுதிக்கிறியே, அத. நான்னு போட்டு எழுதிட்ட. பொய்யி எழுதி எங்கிட்ட கையெழுத்து கேக்கற."

கன்சல்டிங்காரர்கூட டயரை விட்டு நிமிர்ந்தார்.

"வண்டி எடுக்கப் போனப்ப டாக்டரு வூட்டம்மா என்ன உள்ள கூட்டிம்போயி காபி குடுத்தாங்க," என்றார் பெரியம்மா. "அப்பவே சொன்னாங்க. 'அந்த கதவு சரியில்ல, வளைவு வந்தா கைய வெச்சி புடிச்சிக்குங்க, உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லி வெல கொறச்சுக்குங்க'ன்னு. நல்ல மனுசி."

"நைனாகிட்ட சொல்லலியா நீ?" ரைட்டரம்மாவின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

"வெளிய வந்து பாத்தா, உங்க நைனா வண்டிக்கு மாலய போட்டுட்டு உள்ள குந்திக்கினு சிரிக்கறாரு. கல்யாணத்தன்னிக்கிகூட அப்டி சிரிச்சதில்ல அவரு. அந்த சிரிப்புல போயி நான் வில்லங்கம் சொல்லணுமா? வளைவு வந்தா புடிச்சிக்கலாம்னு வுட்டுட்டன். தெனம் புடிச்சிக்கினுதான் போனேன். அன்னிக்கி மடியில பலாப்பழம். அத புடிக்கறதா, கதவ புடிக்கறதா?"

பாண்டிச்சேரிக்காரரின் மனைவிக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ரைட்டரம்மா சிரிக்கவில்லை. எழுதியதை விரல் வைத்து மறுபடி படித்தார்.

"இவ்ளோ வருசமா அந்தாள நான் திட்டிக்கினு கீறேன்," என்றார் கடைசியில்.

"திட்டறப்ப எல்லாம் சொல்லணும்னு பாப்பேன். நீ நிறுத்தினாத்தான?"

"மேடம், அந்த வரிய அடிச்சிடுங்க போதும்," என்றார் பாண்டிச்சேரிக்காரர் சங்கடத்தோடு. "கதவு விஷயம் எனக்குத் தெரிஞ்சாச்சு. மத்தது உங்க குடும்ப விஷயம்."

"அடிச்சா பத்தாது சார். செத்த ஆளுமேல பொய்யா ஒரு வில்லங்கம் ஏத்தி வெச்சிருந்தேன். எறக்கித்தான் எழுதணும்."

'மறைத்து' என்று இருந்த வரியின் மேல் கோடு போட்டார். அந்தக் கோட்டை இழுக்க அவருக்கு நேரம் பிடித்தது. மேலே எழுதினார், உரக்கப் படித்தார்: "முன் உரிமையாளரின் மனைவி மேற்படி குறையை என்னிடம் தெரிவித்தார். நான் அதை என் கணவரிடம் சொல்லவில்லை." திருத்தத்துக்குப் பக்கத்தில் பெரியம்மா கையெழுத்துப் போட்டார். கீழேயும் போட்டார். சாட்சியாக நான் போட்டேன். பாண்டிச்சேரிக்காரர் முழுதும் ஒருமுறை தானே படித்துவிட்டுப் போட்டார். கன்சல்டிங்காரர் உள்ளே போய், கழற்றி வைத்திருந்த தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாள் பின்னிருக்கையில் ஏறிக்கொள்ள, ஹெரால்டு இருமிக்கொண்டே திண்டிவனம் பக்கம் போனது.

ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது தாளாமல் கேட்டேன். எந்த ஆவணத்திலும் காரணம் எழுதாமல் விடுகிறவர் அல்லவே அவர். "ஏன்க்கா, பெரியம்மா ஏன் சொல்லலன்னு எழுதலியே?"

அவர் அம்மாவைப் பார்த்தார். பெரியம்மா நாற்காலியிலேயே தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

"அது வண்டியோட வில்லங்கம் இல்ல எம்.ஏ.," என்றார். "மேஸ்திரிக்கு ஒரு போன் போடு. நாளைக்கு காலையில கடக்கால் தோண்டணும்."